தோற்றவருக்கு ஒரு வாழ்த்துப்பா: சர்வாதிகாரியை நையாண்டி எழுதப் பழகுவோருக்கு

இது அரசியல் நையாண்டி எழுதப் புதிதாக உட்காருபவர்களுக்கான கட்டுரை. அதிலும் ஒரு குறிப்பிட்ட ரக ஆளை எழுத நினைப்பவர்களுக்கு. தேர்தலை அவரே நடத்துவார், அதில் அவரே தோற்பார், தோற்ற பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஆப்பிரிக்காவில் இந்த ரகத்துக்குப் பஞ்சமில்லை. நான் எடுத்துக்கொள்வது ஜிம்பாப்வேயை 1980 முதல் 2017 வரை ஆண்ட ராபர்ட் முகாபேயை. 2008-இல் அவர் செய்தவற்றுக்குத் தேதிவாரியாகக் கணக்கு இருக்கிறது என்பது ஒரு காரணம். அவரை எழுதக் கை பழகிவிட்டால் மற்றவர்களையும் எழுதிவிடலாம் என்பது இன்னொன்று. மாவு ஒன்றுதான், இட்லி வந்தால் தோசையும் வரும்.

1. சிரிப்பதற்கு முன் தேதிகள்

ஒரு நோட்டில் நடந்ததை மட்டும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். கருத்து வேண்டாம், 'கொடூர', 'வெட்கங்கெட்ட' போன்ற அடைமொழிகளும் வேண்டாம். 2008-க்கான என் பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்.

மார்ச் 29, வாக்குப்பதிவு. அந்த முறை ஒரு புது விதி. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எண்ணி முடித்ததும் முடிவை வாசலிலேயே ஒட்டிவிட வேண்டும். தென்னாப்பிரிக்கா நடுவில் நின்று நடத்திய பேச்சில் முகாபே தரப்பே ஒப்புக்கொண்ட விதி அது. மக்கள் அந்தத் தாள்களைப் படம் பிடித்துக் கூட்டிப் பார்த்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் மோர்கன் சுவாங்கிராய் முன்னால் இருப்பது ஊருக்கே தெரிந்துபோனது. நாடாளுமன்றத்திலும் முகாபேயின் ஜானு-பி.எஃப். கட்சி 1980-க்குப் பிறகு முதல்முறையாகப் பெரும்பான்மையை இழந்தது.

அப்புறம் ஒரே அமைதி. அதிபர் தேர்தல் முடிவு மட்டும் வரவில்லை. ஏப்ரலில் 23 தொகுதிகளில் மறு எண்ணிக்கை. முகாபேயின் ஓட்டைக் குறைத்து எண்ணினார்கள் என்று தேர்தல் அலுவலர்கள் சிலர் கைது. ஏப்ரல் 12 அன்று தென்னாப்பிரிக்க அதிபர் தபோ எம்பெக்கி ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் முகாபேயைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, இங்கே நெருக்கடி ஒன்றும் இல்லை என்றார். முடிவு மே 2-ஆம் தேதி வந்தது. சுவாங்கிராய் 47.9 சதவீதம், முகாபே 43.2. பாதியை யாரும் தாண்டவில்லை, ஆகவே இரண்டாம் சுற்று. நடுவில் ஊர் ஊராக அடி, உதை, கொலை. ஜூன் 22 அன்று சுவாங்கிராய் போட்டியிலிருந்து விலகி, நெதர்லாந்து தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தார். ஜூன் 27 அன்று முகாபே ஏறக்குறையத் தனியாளாக ஓடி 85.5 சதவீதத்தோடு முதலாவதாக வந்தார். 29-ஆம் தேதி முடிவு அறிவித்த சில மணி நேரத்தில் பதவியேற்று, எகிப்தில் நடந்த ஆப்பிரிக்க ஒன்றிய மாநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டார்.

இதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். முதல் முடிவைச் சொல்ல ஐந்து வாரம், இரண்டாம் முடிவுக்குப் பதவியேற்கச் சில மணி நேரம். உங்கள் கட்டுரையின் முதல் சிரிப்பு அந்த இடைவெளியிலேயே இருக்கிறது. நீங்கள் கையிலிருந்து ஒரு பைசா போடவில்லை.

புதிதாக எழுதுபவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். தேதி தெரியாமல் எழுதும் நையாண்டி எந்த நாட்டுச் சர்வாதிகாரிக்கும் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்தும் சட்டை யாருக்கும் சரியாக இருக்காது.

2. அவரைக் கோமாளி ஆக்காதீர்கள்

முகாபே பள்ளி ஆசிரியராக இருந்தவர். வெள்ளைச் சிறுபான்மை ஆட்சி அவரைப் பத்தாண்டுக்கும் மேல் சிறையில் வைத்தது. அங்கிருந்தபடியே அஞ்சல் வழியில் பட்டங்கள் படித்து வாங்கினார். 1980-இல் தேர்தலில் ஜெயித்துத்தான் ஆட்சிக்கு வந்தார். முதல் பத்தாண்டில் நாட்டில் பள்ளிகளும் மருத்துவ வசதியும் வேகமாகப் பெருகின. அதே பத்தாண்டில்தான் அவருடைய ஐந்தாம் படைப்பிரிவு மாட்டபெலேலாந்துப் பகுதியில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அப்போது மேற்குலகம் பெரிதாக முகம் சுளிக்கவில்லை. 1994-இல் பிரிட்டிஷ் அரசி அவருக்கு ஒரு கௌரவப் பட்டமே கொடுத்தார். அதைத் திரும்பப் பிடுங்கியது 2008 ஜூனில்.

இவ்வளவும் எதற்கு? ஜிம்பாப்வே விடுதலைப் போரின் கோரிக்கையே ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதுதான். அதற்காகச் சிறைக்குப் போன மனிதர், கடைசியில் அந்த ஓட்டைக் கண்டு பயந்தார். நையாண்டியின் வேர் இங்கே இருக்கிறது. அவரை வெறும் கோமாளியாக வரைந்தால் இந்த வேர் அறுந்துவிடும். ஆள் கெட்டிக்காரர் என்று வாசகர் நம்பினால்தான் அவர் செய்யும் கிறுக்குத்தனம் சுடும்.

3. திட்டுவதை நிறுத்துங்கள், வாழ்த்தத் தொடங்குங்கள்

என் முதல் கட்டுரையை ஒரு மூத்த உதவி ஆசிரியரிடம் காட்டினேன். இரண்டு பக்கம் முழுக்க வசவு. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, நீ கோபமா இருக்கேன்னு தெரியுது. அந்த ஆளு என்ன செஞ்சான்னுதான் தெரியல" என்றார். அவ்வளவுதான் விமர்சனம். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இன்றுவரை அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம்மிடம் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது, பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்விக்காகப் படித்துவிட்டு மறந்துபோன கருவி: வஞ்சப்புகழ்ச்சி அணி. அதியமானுக்காகத் தூது போன ஔவையிடம் தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். ஔவை திட்டவில்லை. உன் வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவல் போட்ட மாளிகையில் எவ்வளவு அழகாக இருக்கின்றன என்று பாராட்டுகிறாள். எங்கள் ஆளுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று வருத்தப்படுவதுபோல் முடிக்கிறாள். தொண்டைமானுக்கு வியர்த்திருக்கும். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய இந்த முறையைத்தான் நாம் ஹராரேவுக்கு எடுத்துப் போகப் போகிறோம்.

எப்படி என்று பார்ப்போம். "முகாபேயின் அடிவருடிகள் ஐந்து வாரமாக ஓட்டுகளைத் திருடினார்கள்" என்று எழுதலாம். உண்மைக்குப் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் படிப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அதையே தேர்தல் அலுவலகமே வெளியிட்ட அறிவிப்பு மாதிரி எழுதிப் பாருங்கள்:

"பொதுமக்கள் கவனத்துக்கு. மார்ச் 29 அன்று பதிவான வாக்குகள் மிகுந்த அக்கறையோடு எண்ணப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு வாக்கையும் தனித்தனியே அழைத்து, அது தன் சொந்த விருப்பத்தின் பேரில்தான் பெட்டிக்குள் விழுந்ததா, யாராவது தூண்டிவிட்டார்களா என்று விசாரித்த பிறகே கணக்கில் சேர்க்கிறோம். சில வாக்குகள் தம் தவறை உணர்ந்து மன்னிப்புக் கடிதம் கொடுத்துள்ளன. மற்றவற்றோடு பேச்சு நடக்கிறது. அவசரப்படுத்த வேண்டாம்."

இதில் முகாபேயின் பெயரே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'விசாரித்த', 'தூண்டிவிட்ட', 'பேச்சு நடக்கிறது' எல்லாம் காவல் நிலையச் சொற்கள். அடுத்த மூன்று மாதம் என்ன நடக்கப்போகிறது என்பது அந்தச் சொற்களுக்குள் பதுங்கியிருக்கிறது. 'அவசரப்படுத்த வேண்டாம்' என்று முடித்ததும் நிறுத்திவிட்டேன். அதற்குக் கீழே "இதுதான் இவர்களுடைய ஜனநாயகம்!" என்று ஒரு வரி சேர்க்கக் கை அரிக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

4. வடிவத்தைக் கடன் வாங்குங்கள்

மேலே வாங்கியது அரசு அறிவிப்பு. கல்யாணப் பத்திரிகை, ஜாதகக் குறிப்பு, ரேஷன் கடைப் பலகை, இரங்கல் சுவரொட்டி, எதையும் வாங்கலாம். சர்வாதிகாரிக்கு எனக்குப் பிடித்தது மெய்க்கீர்த்தி. அரசன் செய்ததாகச் சொல்லிக்கொள்ளும் சாதனைகளை எல்லாம் மூச்சு விடாமல் ஒரே வாக்கியத்தில் அடுக்கி, கடைசியில் ஆட்சியாண்டு எத்தனையாவது என்று கல்லில் வெட்டும் வடிவம். பல ஆண்டு பதவியில் இருந்தவருக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கும்:

"நலம் உண்டாகுக. வடக்கே சாம்பேசியும் தெற்கே லிம்போப்போவும் எல்லையாய் ஒரு குடைக்கீழ் ஆண்டு, கடையில் சோளமாவு இல்லாத குறை தீரப் பணத்தாளில் பூஜ்யம் நிறைத்து, எண்ணியவரைச் சிறையிலிட்டு எண்ணிக்கை திருத்தி, எதிர்த்தவர் தூதரகம் புகத் தாமே தம்மோடு போட்டியிட்டுத் தம்மைத் தாமே வென்று, தோல்வி என்னும் சொல்லைத் தம் நாட்டு அகராதியினின்றும் கடல் கடத்திய கோமுகாபேவர்மற்கு யாண்டு 28-ஆவது."

நாட்டுக்குக் கடலே கிடையாது, கடல் கடத்தியது எப்படி என்று யாராவது கேட்டால் சந்தோஷப்படுங்கள். உண்மையான மெய்க்கீர்த்திகளிலும் போகாத ஊரை எல்லாம் வென்றதாக எழுதும் பழக்கம் இருந்திருக்கிறது.

இன்னொரு வடிவம் அலுவலகக் கடிதம். 2008 ஜூனில் புலவாயோவில் பேசும்போது முகாபே, தன்னை நியமித்த கடவுள் மட்டுமே தன்னை நீக்க முடியும் என்றார். இது அவர் உண்மையாகவே சொன்னது. நியமனம் என்ற சொல் வந்துவிட்டாலே தமிழனுக்கு ஒரு கோப்பு கண்முன் வந்துவிடும். ஆகவே மேலோகத்துக்கு ஒரு மனுப் போட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பதில்:

"பார்வை: தங்கள் மனு. மேற்படி நபருக்கு இவ்வலுவலகத்திலிருந்து நியமன ஆணை ஏதும் வழங்கப்பட்டதாகப் பதிவேடுகளில் காணப்படவில்லை. 1980-இல் பொதுமக்களே நேரடியாகத் தற்காலிகப் பணியமர்த்தியதாகத் தெரிகிறது. எனவே பணி நீக்கம் குறித்தும் அவர்களையே அணுகவும். அவர்கள் மார்ச் 29 அன்று அனுப்பிய கடிதம் இன்னும் பிரிக்கப்படவில்லை என்று அறிகிறோம்."

ஒரு எச்சரிக்கை. வடிவம் கடன் வாங்கினால் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். பாதிக் கடிதத்தில் நீங்களே உள்ளே புகுந்து ஜனநாயகம் பற்றி உரையாற்றினால் வேஷம் கலைந்த தெருக்கூத்து மாதிரி ஆகிவிடும்.

5. எண்களை விடாதீர்கள்

எனக்குக் கணக்கு வராது என்று சொல்பவர்கள்கூட இந்தப் படியை நிதானமாகப் படிக்கலாம். ஜிம்பாப்வேயில் மத்திய வங்கிக்கே வரவில்லை.

மார்ச்சில் முகாபேக்கு விழுந்த ஓட்டு 10,79,730. ஜூனில் 21,50,269. மூன்றே மாதத்தில் போட்ட முதல் இரட்டிப்பாகியிருக்கிறது. நம் ஊரில் எந்த ஃபைனான்ஸ் கம்பெனியும் ஓடிப்போவதற்கு முந்தைய வாரம்கூட இப்படி ஒரு வட்டியை அறிவித்ததில்லை. இன்னொரு எண்ணும் இருக்கிறது: ஜூன் 27 அன்று செல்லாத ஓட்டு 1,31,481. அடி விழும் என்று தெரிந்து சாவடிக்குப் போய், சீட்டை வாங்கி, வேண்டுமென்றே கெடுத்துவிட்டு வந்தவர்கள் அதில் நிறையப் பேர். அந்த எண்ணை வைத்துக் கேலி செய்யாதீர்கள். சும்மா எடுத்து வையுங்கள். நையாண்டிக்கு நடுவே ஒரு இடத்தில் வாசகர் சிரிப்பதை நிறுத்த வேண்டும். அதற்கு இது நல்ல இடம்.

பணவீக்கத்துக்கு வருவோம். 2008 ஜூலையில் அரசே ஒப்புக்கொண்ட கணக்கு 23 கோடி சதவீதத்துக்கும் மேல். 2009 ஜனவரியில் 100 டிரில்லியன் டாலர் நோட்டு வந்தது. ஒன்றுக்குப் பின்னால் 14 பூஜ்யம். தமிழில் எழுதுபவருக்கு இங்கே ஒரு வரப்பிரசாதம்: நம் கணக்கில் அது ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கினால் வருவது. 'கோடானுகோடி நன்றி' என்று நாம் மேடையில் சும்மா அள்ளி விடும் தொகையை அவர்கள் ஒரே தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். மத்திய வங்கி ஆளுநர் கிதியோன் கோனோவுக்கு அந்த ஆண்டு கணிதத்துக்கான இக்நோபல் பரிசு, அதாவது நோபலைக் கிண்டல் செய்யும் பரிசு, கிடைத்தது. ஒரு சென்ட் முதல் 100 டிரில்லியன் வரை நோட்டு அடித்து, எல்லா அளவு எண்களோடும் மக்களுக்கு அன்றாடப் பழக்கம் ஏற்படுத்தியதற்காக! வஞ்சப்புகழ்ச்சி நமக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.

அந்த நோட்டை வைத்தே செய்த ஒரு நையாண்டியைச் சொல்ல வேண்டும். நாட்டை விட்டு வெளியேறியவர்கள் வெளியிலிருந்து 'தி ஜிம்பாப்வியன்' என்ற பத்திரிகையை நடத்தினார்கள். அது உள்ளே வரக்கூடாதென்று அரசு அதை ஆடம்பரப் பொருள் என்று சொல்லிக் கடும் இறக்குமதி வரி போட்டது. 2009-இல் அந்தப் பத்திரிகை தன் விளம்பரச் சுவரொட்டிகளை நிஜமான டிரில்லியன் டாலர் நோட்டுகளின் மேலேயே அச்சடித்தது. தாள் வாங்குவதைவிட நோட்டு மலிவு. அவன் விரலாலேயே அவன் கண்ணைக் குத்துவது என்பார்களே, அது இதுதான். நையாண்டி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு நானே கேட்டுக்கொள்வேன்: அந்த ஆள் கையிலிருந்தே எடுக்கக்கூடிய பொருள் என்ன?

முகாபேயிடம் அப்படிப் பொருள் ஏராளம். 2000 ஜனவரியில், அரசுக்கும் பங்குள்ள ஒரு வங்கி தன் வாடிக்கையாளர்களுக்கு நடத்திய பரிசுக் குலுக்கலில் ஒரு லட்சம் ஜிம்பாப்வே டாலர் விழுந்தது. சீட்டில் இருந்த பெயர் ராபர்ட் முகாபே. அடுத்த மாதமே, பிப்ரவரியில், புது அரசியல் சட்டத்துக்காக அவர் நடத்திய பொது வாக்கெடுப்பில் தோற்றார். குலுக்கலில் ஜெயித்து ஓட்டில் தோற்றவர், இரண்டில் எதை நம்புவார்? அதற்குப் பிறகு வந்த தேர்தல்களை அவர் எப்படி நடத்தினார் என்பதை இந்த ஒரு கேள்வியிலிருந்தே நீங்கள் எழுதிக்கொண்டு போகலாம்.

6. அமைச்சர் உங்களை முந்திவிட்டால்

சில சமயம் நிஜம் உங்களைவிட நன்றாக எழுதும். அப்போது மரியாதையாக விலகி நின்று படியெடுங்கள்.

2015 பிப்ரவரியில் ஹராரே விமான நிலையத்தில், சிவப்புக் கம்பளத்தில் முகாபே தடுக்கி விழுந்தார். உலகமே படம் பார்த்தது. தகவல் அமைச்சர் ஜோனதன் மோயோ விளக்கம் தந்தார்: அதிபர் விழவில்லை, கம்பளம் மேடாக இருந்ததால் ஏற்பட்ட வீழ்ச்சியைத் தாமே தடுத்துக்கொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைத்தபோது, முந்தைய மாதம் படித்த அதே உரையை மறுபடியும் முழுக்கப் படித்தார். 2017-இல், கூட்டங்களில் அவர் தூங்குகிறார் என்ற பேச்சுக்கு, அவர் தூங்குவதில்லை, வெளிச்சத்திலிருந்து கண்ணைக் காத்துக்கொள்கிறார் என்று அவருடைய செய்தித் தொடர்பாளர் சொன்னார்.

இதற்கு மேல் நீங்கள் என்ன சேர்ப்பீர்கள்? மிகைப்படுத்தினால் கெடும். "விழவில்லை, வீழ்ச்சியைத் தடுத்துக்கொண்டார்" என்ற விளக்கத்தைத் தேர்தலுக்குப் பொருத்துவது மட்டும்தான் உங்கள் வேலை: 2008 மார்ச்சில் அதிபர் தோற்கவில்லை, தோல்வியைத் தாமே தடுத்துக்கொண்டார்.

முதுமையைப் பற்றி ஒரு வார்த்தை. வயதானவர் தடுக்கி விழுவதோ தூங்குவதோ தன்னளவில் கேலிக்குரியது இல்லை. நம் வீட்டுத் தாத்தாவும் அப்படித்தான். அதை மறைக்க ஒரு அமைச்சரகமே பாடுபடுவதுதான் கேலிக்குரியது. குறி அங்கே இருக்கட்டும்.

7. நிறமும் கண்டமும்

இதைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் நம் பக்கத்துக் கேலியில் இந்த அழுக்கு நிறையவே இருக்கிறது. ஆப்பிரிக்கர் என்றதும் தோலையும் முடியையும் உதட்டையும் பேசுவது, காட்டுவாசி உடை போடுவது, புரியாத மொழி என்று வாய்க்கு வந்ததை உளறுவது. இதில் ஒன்று உங்கள் கட்டுரையில் இருந்தாலும் முகாபேக்கு நீங்கள் வக்கீலாகிவிட்டீர்கள். தன்னை எதிர்ப்பவர்கள் எல்லாம் நிறவெறியர்கள், ஏகாதிபத்தியத்தின் கைக்கூலிகள் என்பதுதான் அவர் கடைசிவரை வைத்த வாதம். அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களும் கறுப்பர்கள், அடி வாங்கியவர்களும் கறுப்பர்கள், கணக்கைக் கூட்டிப் பார்த்து ஊருக்குச் சொன்னவர்களும் கறுப்பர்கள்.

"ஆப்பிரிக்கா என்றாலே இப்படித்தான்" என்ற வரியும் அடிபட வேண்டியது. ஜிம்பாப்வேக்குப் பக்கத்து நாடான போட்ஸ்வானாவில் 1966 முதல் ஆண்ட கட்சி 2024 அக்டோபர் தேர்தலில் தோற்றது; எண்ணிக்கை முழுதாக முடியும் முன்பே அதிபர் மசீசி தோல்வியை ஏற்றுக்கொண்டார். கொஞ்சம் தள்ளி மலாவியில் 2019 தேர்தலின் முடிவுத்தாள்களில் எழுத்தை அழிக்கும் வெள்ளை மை பூசித் திருத்தியிருந்தார்கள். நீதிமன்றம் அந்தத் தேர்தலையே ரத்து செய்து மறுபடியும் நடத்தச் சொன்னது, 2020-இல் எதிர்க்கட்சி ஜெயித்தது. அந்த வெள்ளை மைப் புட்டியை வைத்து ஒரு தனிக் கட்டுரை எழுதலாம்.

2008-இன் அந்த மூன்று மாதத்தை எழுதும்போதும் கவனம் வேண்டும். பிடிபட்டவர்களிடம் முகாபேயின் ஆட்கள் குட்டைக் கையா, நெட்டைக் கையா என்று கேட்டிருக்கிறார்கள். சட்டையின் கையைப் பற்றிய கேள்வி போலத் தோன்றும். முழங்கைக்கு மேலே வெட்டுவதா, மணிக்கட்டில் வெட்டுவதா என்பதுதான் பொருள். இதில் நகைச்சுவைக்கு இடமில்லை. எழுதுவதென்றால் நேராக எழுதுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். சிரிப்பு அதிகாரத்தைப் பார்த்து வர வேண்டும், கட்டுப் போட்ட கையைப் பார்த்து வரக் கூடாது.

8. சரிபார்ப்பு

வாட்ஸ்அப்பில் 'முகாபே சொன்னது' என்று காதல், பெண்கள், குடி பற்றியெல்லாம் பொன்மொழிகள் சுற்றும். பெரும்பாலும் யாரோ பொழுதுபோகாமல் எழுதியவை. அதில் ஒன்றை எடுத்துக் கட்டுரைக்கு அடித்தளம் போட்டால் மேலே கட்டிய எல்லாம் சரியும். நீங்கள் கற்பனை செய்த கடிதத்தையும் கற்பனை என்று தெரியும்படி வெளியிடுங்கள். மேலோகத்துக் கடிதத்தை யாரும் நம்பிவிட மாட்டார்கள். தேர்தல் அலுவலக அறிவிப்பை நம்பக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. நமக்கு இது விளையாட்டு, அங்கே இருப்பவருக்கு அப்படி இல்லை. ஜிம்பாப்வேயில் அதிபரை அவமதிப்பது சட்டப்படி குற்றம். முகாபேயின் 88-ஆவது பிறந்த நாளுக்குப் பலூன் ஊத அவருக்கு மூச்சு இருக்குமா என்று கேட்டதற்காக ஒரு தச்சர் நீதிமன்றப் படியேறினார். அந்த ஊரில் உங்களுக்கு நண்பர் இருந்தால், உங்கள் கட்டுரையில் அவர் பெயரைக் கோக்காதீர்கள், அவருக்கு நன்றிகூடச் சொல்லாதீர்கள்.

9. கையை மாற்றிப் பழகுங்கள்

முகாபே வரத் தொடங்கியதும் வேறு ஆட்களை எடுங்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவின் அதிபராக இருந்த யஹ்யா ஜமே நல்ல பாடம். அந்த நாட்டில் ஓட்டுச் சீட்டு இல்லை, கோலிக்குண்டு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு வண்ணத் தகர உருளை. குண்டைப் போட்டால் உள்ளே மணி அடிக்கும். இறைவன் நினைத்தால் நூறு கோடி ஆண்டு ஆள்வேன் என்று சொல்லியிருந்த ஜமே, 2016 டிசம்பர் 1 அன்று தோற்றார். மறுநாள் தொலைக்காட்சியில் சிரித்த முகத்தோடு தோல்வியை ஏற்றார். ஒரு வாரம் கழித்து மனம் மாறி, தேர்தல் செல்லாது என்றார். புது அதிபர் அண்டை நாடான செனகலில், காம்பியத் தூதரகத்துக்குள் பதவியேற்க வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்து நாடுகள் படையை அனுப்பிய பிறகு 2017 ஜனவரியில் ஜமே விமானம் ஏறினார். எழுதிப் பார்க்க வேண்டிய கோணம் அந்த ஒரு வாரம். தோல்வியை ஒப்புக்கொண்ட இரவுக்கும் மறுத்த இரவுக்கும் நடுவே வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்?

ஐவரி கோஸ்ட்டின் அதிபராக இருந்த பாக்போவும் உண்டு. 2010 நவம்பரில் தேர்தல் ஆணையப் பேச்சாளர் முடிவை வாசிக்க வாய் திறந்தபோது, பாக்போவின் ஆள் ஒருவர் கேமராக்களுக்கு முன்னாலேயே தாளைப் பிடுங்கிக் கிழித்தார். ஆனால் அதன் பின் வந்த மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். கிழிந்த தாளோடு உங்கள் நையாண்டி நிற்கட்டும்.

10. ஆள் போன பிறகு

கடவுளும் நீக்கவில்லை, ஓட்டும் நீக்கவில்லை. 2017 நவம்பர் 15 விடியற்காலையில் சீருடை போட்ட ஒரு மேஜர் ஜெனரல் தொலைக்காட்சியில் தோன்றி, இது ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றுவது இல்லை, அதிபரைச் சுற்றியுள்ள குற்றவாளிகளைத்தான் பிடிக்கிறோம் என்றார். விழவில்லை, தடுத்துக்கொண்டார் என்ற அதே பள்ளியில் படித்தவர்கள். 19-ஆம் தேதி ராஜினாமா செய்வார் என்று நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்க, முகாபே நீண்ட உரை ஆற்றிவிட்டு அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் எழுந்துபோனார். 21-ஆம் தேதி கடிதம் வந்தது. அப்போது அவருக்கு வயது 93. இரண்டு ஆண்டு கழித்துச் சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் இறந்தார்.

இந்த இடத்தில் பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். பழைய நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்து வந்த எமர்சன் மனங்காக்வா, முகாபேயிடம் பல்லாண்டு அமைச்சராக இருந்தவர், பட்டப்பெயர் முதலை. 2023 தேர்தலை அவருடைய கட்சிக்கு நெருக்கமான ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் பார்வையாளர்களே குறை சொன்னார்கள். அப்போதைய அரசியல் சட்டப்படி அவருடைய காலம் 2028-இல் முடிய வேண்டும். 2024 அக்டோபரில் புலவாயோவில் கூடிய கட்சி மாநாடு, அதை 2030 வரை நீட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அவரோ, எனக்கு ஆசையே இல்லை, காலம் முடிந்ததும் போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறார். கட்சிதான் விடமாட்டேன் என்றது.

பயிற்சி: போக விரும்பும் தலைவரும் விட மறுக்கும் கட்சியும். 200 சொல்லுக்கு மிகாமல், ஒரு வசவும் இல்லாமல், கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்தவரைக் கையைப் பிடித்து மறுபடி இலைக்கு முன் உட்கார வைக்கும் உபசாரம் மாதிரி எழுதிப் பாருங்கள். பாயசம் எத்தனை முறை வருகிறது என்பதை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன்.